நாலாம் பாத்திக்குக் கீழே

ஞானசேகரன் அண்ணன் பதினெட்டு வருஷம் சமையல் கேஸ் சிலிண்டர் சுமந்தவர். லிங்கராஜபுரத்தில் அவர் ஏறாத மாடிப்படி கிடையாது. வலது முழங்கால் தேய்ந்துபோய், ஏஜென்சிக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிய பிறகுதான் எங்கள் பண்ணைக்கு வேலைக்கு வந்தார். வந்த முதல் நாளே என்னிடம் சொன்னார்: “அப்ப சிலிண்டர்ல கேஸு மேடம், இப்ப சிரிஞ்சுல கேஸு. நம்ம தலையில கேஸுன்னே எழுதிட்டான்.”

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

பண்ணை, ஹென்னூர் ரோட்டைத் தாண்டி பாகலூர் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. தனியார் ஆராய்ச்சிப் பண்ணை, பெயர் வேண்டாம். அவரை, துவரை, காராமணி விதைத்து, அந்த மண்ணிலிருந்து எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடு காற்றுக்குப் போகிறது என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. நான் உஷா. திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆய்வகத்தில் மெஷினுக்கு முன்னால் ஏசியில் உட்கார்ந்திருப்பவள். வெயிலில் குந்தியிருப்பவர் அவர்.

பயறுச் செடி காற்றிலிருக்கும் நைட்ரஜனை இழுத்து வேர் முடிச்சில் சேர்த்துக்கொள்ளும் என்பது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காயைப் பறித்தபின் தழையையும் வேரையும் மடக்கி உழுதால் அத்தனையும் மண்ணுக்கு உரம். அதோடு பாடம் முடிந்துவிடும். மீதியை யாரும் சொல்லித்தருவதில்லை. மண்ணுக்கு வந்தது அங்கே சும்மா கிடக்காது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். மழை பெய்து மண் ஊறி மூச்சு முட்டும்போது, அந்த நைட்ரேட்டில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகி மேலே போகும். கரியமில வாயுவைவிட ஏறக்குறைய முந்நூறு மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

அதைப் பிடிக்கிற வேலையை அண்ணனைப்போல் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. பாத்திக்குள் பதித்த இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடுவார். கால் மணிக்கு ஒரு முறை பெட்டியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்திக் காற்றை இழுத்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஏற்றுவார். ஒரு பெட்டிக்கு நான்கு முறை. பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் போன் எடுக்கமாட்டார். டைரக்டரே பாத்தி ஓரம் வந்தாலும், “ஸார், மண்ண மிதிச்சா கேஸு பொங்கும், ஸ்வல்ப தள்ளி நில்லுங்க” என்று விரட்டிவிடுவார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. இந்த வாயுவுக்கு வாசனை இல்லை. “பதினெட்டு வருஷம் மூக்க வெச்சி பொழச்சவன் மேடம். எங்க லீக்குன்னாலும் வாசல்லயே புடிச்சிடுவேன். வாசன இல்லாத சாமான நான் நம்பறதில்ல” என்பார்.

எங்களிடம் ஆறு பாத்திகள் சரிவில் வரிசையாக இருந்தன. நாலாவது பாத்தி பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். மூன்று வருஷமாக அதில் அவரையும் துவரையும் மாறி மாறிப் போட்டு, தழையை உழுது உழுது மண் கறுத்துப்போயிருந்தது. நாலாம் பாத்தியின் புட்டிகளை மெஷினில் ஏற்றினால் வாயுவின் அளவைக் காட்டும் கோடு கூரையை முட்டும். டைரக்டருக்கு அது தலைவலி. பயறு நல்லது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த ஒரு பாத்தியால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வழி சொன்னது அண்ணன்தான். 2023 கடைசியில், அவரை காய்த்துக்கொண்டிருந்தபோது, ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“மேடம், தண்ணி நிக்கறதாலதானே கேஸு வர்து? பாத்திக்கு அடியில ஓட்டக் கொழா பொதச்சி, ஜல்லி போட்டு, கீழ இருக்கிற கெணத்துல வுட்டுட்டா? மண்ணும் காயும், கெணறும் ரொம்பும்.”

டைரக்டர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. பிப்ரவரியில் அவரைக்காயைப் பறித்து, தழையை மடக்கி உழுததும் குழாய் புதைத்தார்கள். அது நாலாம் பாத்தியின் அடியிலிருந்து நேராகப் பண்ணைக் கிணற்றில் போய் முடிந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் கட்டிய பழைய கிணறு. பண்ணையில் வேலை செய்கிற அத்தனை பேரும் அதைத்தான் குடிப்போம். கரும்புச்சாறு மாதிரித் தித்திக்கும் என்று அண்ணன் அளப்பார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீர்தான். அந்த வருஷம் பெங்களூரில் தண்ணீருக்கு மக்கள் பட்ட பாடு நாடறியும். லிங்கராஜபுரத்தில் அண்ணன் குடியிருக்கும் தெருவில் போர்வெல் மூன்றும் காற்றைக் கக்கின. டேங்கர் எப்போது வரும், யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மார்ச் மாதத்திலிருந்து அண்ணன் தினமும் சாயந்தரம் மொபெட்டில் இரண்டு கேன் கிணற்றுத் தண்ணீர் கட்டிக்கொண்டு போக டைரக்டர் அனுமதித்தார். குழாய் யோசனைக்கு அண்ணன் கேட்ட ஒரே பரிசு அதுதான்.

ஒரு கேன் அவர் வீட்டுக்கு. மனைவி சரளா, பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஷோபா, ஏப்ரலில் பிறந்த பேரன். ஷோபாவுக்குப் பால் போதவில்லை. புட்டிப்பால்தான்.

இன்னொரு கேன் பக்கத்து வீட்டுச் சிந்தியாவுக்கு. அந்தப் பெண் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கிளினிக்கில் ஆயா. புருஷன் அலெக்சாண்டர் கார் ஓட்டுகிறவன், வாரத்தில் நான்கு நாள் வெளியூர். பிப்ரவரி கடைசியில் அவர்களுக்கு ஜோயல் பிறந்தான். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதால் அவனுக்கும் புட்டிப்பால். “கைக்கொழந்தய வெச்சிகினு அந்தப் பொண்ணு கொடத்தோட டேங்கர் பின்னாடி ஓடுது மேடம். பாத்துகினு சும்னே இருக்க முடியுமா?” என்றார் அண்ணன். முடியாதுதான். அவரால் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவர் சுபாவம் அது.

மே மாதம் மழை வந்தது.

காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தால் மூன்று நாளைக்கு வாயு பொங்கும். இந்தத் தொழிலில் அது எங்கள் திருவிழா. அண்ணன் மூன்று நாளும் வாளியிலேயே உட்கார்ந்து புட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மெஷினில் ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் பொங்கின. நாலாம் பாத்தியில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுபடி ஏற்றினேன். மூன்றாம் முறையும் ஏற்றினேன். அதே படுத்த கோடு. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மூன்று வருஷத் தழை அந்த மண்ணுக்குள் இருக்கிறது. அத்தனை நைட்ரஜனும் மாயமாகாது. மேலே வரவில்லை என்றால் எங்கே போயிற்று?

தோன்றியது. அவ்வளவுதான். எழுந்து போய் யாரையும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் “நல்ல முன்னேற்றம்” என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீயை நான் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

டைரக்டர் துள்ளினார். வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்தார். கிணற்றடியில் ஷாமியானா போட்டு, அண்ணனுக்குச் சால்வை போர்த்தினார். கிணறு ஆறு அடி ஏறியிருந்தது. போட்டோக்காரன், “தண்ணி குடிக்கிற மாதிரி ஒண்ணு” என்று கேட்டான். அண்ணன் ஒரு டம்ளர் மொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி குடித்தார். எல்லாரும் குடித்தோம். எங்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

“மழைத் தண்ணி எறங்கியிருக்கு, கலங்கலா கீது. குழந்தைங்களுக்குக் கொதிக்க வெச்சித்தான் குடுக்கணும்னு வீட்டுலயும் சொல்லிட்டேன், சிந்தியா கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார் அன்று கேனைக் கட்டும்போது. எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் வரவில்லை. ஐந்து வருஷத்தில் சொல்லாமல் லீவு எடுத்தது அதுதான் முதல் முறை. மறுநாள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

“பக்கத்து வீட்டு ஜோயல் பூட்டான் மேடம். மூணு மாசம். மூச்சு வாங்கியிருக்கு, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிடுச்சி. ஹார்ட்டுல ஓட்ட இருந்திருக்கும்னு சொல்லிட்டாங்களாம். பொட்டி இவ்ளோதான் மேடம்.” கையை விரித்துக் காட்டினார். அது அவர் பாத்தியில் கவிழ்க்கும் பெட்டியைவிடச் சின்னதாக இருந்தது.

“அடக் கடவுளே” என்றேன். பிறகு, “அண்ணா, நேத்து புட்டி எடுக்கலயே, இன்னிக்கு நாலாம் பாத்திய மொதல்ல எடுத்துடுங்க” என்றேன். என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை. மணி பத்து இருக்கும். நாலாம் பாத்தியில் பெட்டி கவிழ்த்திருந்தது. இரண்டாவது ஊசி குத்தியாயிற்று. அண்ணனின் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நான் புட்டித் தட்டோடு வரப்பில் நின்றிருந்தேன். ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தார். கேட்டார். ஊசி கையிலிருந்து விழுந்தது. பாத்தியை மிதித்துக்கொண்டு, மண்ணைக் கலைத்துக்கொண்டு, கெந்திக் கெந்தி ஓடிவந்தார்.

“கொழந்த நீலமா கீதாம் மேடம்.”

என் காரில்தான் போனோம். வழி நெடுக அவர் முன்கண்ணாடியைப் பார்த்து, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். டிராஃபிக்கில் நின்றபோது திடீரென்று, “இவனுக்கும் ஹார்ட்டுல ஓட்டயா?” என்று என்னைக் கேட்டார். அடுத்தடுத்த இரண்டு வீட்டில், அடுத்தடுத்த வாரத்தில்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உதடும் நகமும் மை தொட்ட நிறம். ஆக்சிஜன் எவ்வளவு ஏற்றியும் நிறம் மாறவில்லை. சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி ரத்தம் எடுத்தாள். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் முகம் மாறியது. ரத்தம் சிவப்பாக இல்லை. சாக்லேட் கரைத்த மாதிரிப் பழுப்பாக இருந்தது.

“எந்தத் தண்ணில பால் கலக்கறீங்க?” என்றாள்.

சரளா முந்திக்கொண்டாள். “நல்ல தண்ணிதான் டாக்டர். கெணத்துத் தண்ணி. அவரு பண்ணையிலேந்து கொண்டாருவாரு.”

“பண்ணையா? என்ன போடுவாங்க அங்க?”

“அவரைங்க. தொவரைங்க.”

டாக்டரம்மா நர்ஸிடம் ஒரு நீல மருந்தின் பெயரைச் சொல்லி ஓடச் சொன்னாள். பிறகு எங்களிடம் திரும்பினாள். “தண்ணில நைட்ரேட் ஏறியிருக்கணும். நமக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியாம ஆக்கிடும். கொதிக்க வெச்சீங்களா?”

சரளா தலையைக் குனிந்தாள். “ஒரே ஒரு கொதி வந்ததும் எறக்கிடுவேன் டாக்டர். சிலிண்டரு தீர்ற மாதிரி இருந்திச்சி. புக் பண்ணி இன்னும் வரல. தப்புதான்.”

“தப்பில்லம்மா. அதனாலதான் இவன் இன்னும் இருக்கான். இது கிருமி கிடையாது, கொதிச்சா சாகறதுக்கு. தண்ணி சுண்டச் சுண்ட இது கெட்டியாகும். பாதியா சுண்டினா ரெட்டிப்பு விஷம்.”

நைட்ரேட் என்ற சொல் அவள் வாயிலிருந்து விழுந்தபோதே நாலாம் பாத்தியின் படுத்த கோடு கண் முன்னால் வந்தது.

நீல மருந்து ஏறி ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையின் உதடு வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. ஓங்கி அழுதான். ஷோபாவும் சரளாவும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அண்ணன் முழங்கால் வலியை மறந்து அந்தத் தரையிலேயே மண்டியிட்டார். எனக்கும் கண்ணீர் கொட்டியது. அந்த நிமிஷத்தோடு கதை முடிந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

அவர் எழுந்து என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

“மேடம், மறைக்காம சொல்லுங்க. அந்த நைட்ரேட்டு எங்கேந்து வந்திச்சி?”

சொன்னேன். மண்ணில் இருந்தது மேலே போகாவிட்டால் தண்ணீரோடு கீழே போகும். நாலாம் பாத்தியில் தண்ணீர் நிற்காததால் அது வாயுவாக மாறவில்லை. குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போய்விட்டது. மே மாதம் கோடு படுத்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“கொழா என் யோசன” என்றார். பிறகு, “சிந்தியா வூட்டுக்கு தெனமும் ஒரு கேன் குடுத்தேன் மேடம்” என்றார்.

திங்கட்கிழமை கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. இருநூற்று அறுபது இருந்தது. காகிதத்தை டைரக்டரின் மேஜையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நம்ம புராஜெக்ட் காத்துக்குத்தான் உஷா. தண்ணி இதுல வராது” என்றார். மத்தியானத்துக்குள் கிணற்று மோட்டார் அறைக்குப் பூட்டு விழுந்தது. சால்வை போர்த்திய போட்டோ மட்டும் வரவேற்பறையில் அப்படியே தொங்கியது.

அன்று சாயந்தரம் அண்ணன் என்னிடம், “கூட வர்றீங்களா? தனியா போனா எனக்கு வாய் வராது” என்றார்.

சிந்தியாவின் வீடு ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையில் ஜோயலின் படம், மெழுகுவத்தி. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மூலையில் அண்ணனின் காலி கேன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“குட்டிப்பையன் எப்டி கீறான் அண்ணா? ஆஸ்பத்திரியிலேந்து வந்துட்டானா?” என்று அவள்தான் முதலில் கேட்டாள். “எங்கிட்ட பால் பவுடர் டப்பா பாதி அப்டியே கீது. வீணாப் போவுது. ஷோபாக்கா கிட்ட குடுத்துடுங்க.”

டப்பாவை எடுத்து நீட்டினாள். அண்ணன் வாங்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

“சிந்தியா, கேக்கறனேன்னு நெனச்சிக்காதம்மா. ஜோயலுக்குக் கடசியா ஒதடு என்ன நெறத்துல இருந்திச்சி?”

அவள் யோசிக்கவே இல்லை. “நாவப்பழம் தின்ன மாதிரி இருந்திச்சி அண்ணா. ஒதடு, நகம் எல்லாம்.”

பதினெட்டு வருஷம் மற்றவர் வீட்டுக்குப் பாரம் சுமந்து கொண்டுபோய் இறக்கிய மனிதர். இந்தப் பாரத்தை எந்த மூலையில் இறக்குவது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“ஹார்ட்டுல ஓட்ட இல்லம்மா. தண்ணிதான். நான் கொண்டாந்த தண்ணிதாம்மா அது. அதுல விஷம் எறங்கியிருந்திச்சி. எறக்கி வுட்டதும் நான்தான். எனக்குத் தெரியல. என் பேரனும் அதனாலதான் படுத்தான்.”

சிந்தியா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. புரியாத கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

“இருக்காது அண்ணா. உங்க வூட்டுல சரளாக்கா ஒரு கொதியில எறக்கிடுவாங்க, நானே பாத்துக்கீறேன். நான் அப்டி வுடல. கிளினிக்குல வேல செய்றவ நான், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம் கொதிக்க வெச்சேன். பாதியா சுண்டற வரைக்கும் கொதிக்க வெச்சித்தான் அண்ணா குடுத்தேன்.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

“நல்லா கொதிக்க வெச்சா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் சிந்தியா.